நாகி திரும்பிப் பார்க்கவில்லை

ஞானசேகரன் தன் மகளிடம் ஒருநாளும் 'வேண்டாம்' என்று சொன்னதில்லை. கலைமதிக்கு வந்த கேடே அதுதான். வேண்டாம் என்கிற அப்பனிடம் சண்டை போடலாம், கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடக்கலாம், அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம். 'பாக்கலாம் அம்முணி' என்று சிரித்த முகமாகச் சொல்கிற அப்பனை என்ன செய்வது? கோயம்புத்தூரில் காலேஜ் சேர்கிறேன் என்றாள். பாக்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்ததில் அட்மிஷன் முடிந்துபோய், அவள் வீட்டிலிருந்தே தபால் வழியில் டிகிரி வாங்கினாள். திருப்பூரில் அண்ணன் அஜய் வீட்டில் தங்கி டிசைன் வேலைக்குப் போகிறேன் என்றாள். அதற்கும் பாக்கலாம். அம்மா இறந்த பிறகு அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் கனம் கூடிவிட்டது. அண்ணன் போனில் பேசும்போதெல்லாம், "அப்பாவ நீ பாத்துக்குவீல்ல" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவான்.

நீலகிரி மலையில் அரவேணுவில் அவர்கள் வீடு ரோட்டுக்கு மேலே, மண்ணை வெட்டிச் சமன் செய்த இடத்தில் இருந்தது. முன் ஜன்னலைத் திறந்தால் தேயிலை. பின் ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் தடுப்புச் சுவர். கலைமதியின் அறை பின்பக்கம். காலையில் கண் விழித்ததும் அவள் பார்ப்பது பாசி பிடித்த கருங்கல்தான். கீழே மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் கியர் மாற்றி இறங்கிப் போகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும்.

அவள் வேலை பார்த்தது கோத்தகிரியில், பாலன் என்பவருடைய ஃப்ளெக்ஸ் கடையில். நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவருக்குப் பிறந்தநாள் என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தாள். எந்த முகமானாலும் கொஞ்சம் சிவப்பாக்கிப் பின்னால் ஒரு அருவியை வைத்தால் பாலனுக்குத் திருப்தி. சாயங்காலம் அரவேணுவில் பஸ் நின்றதும் கீழே அப்பா நிற்பார், கையில் விரித்த குடையோடு. மழை பெய்தாலும் குடை, பெய்யாவிட்டாலும் குடை. தேயிலை ஃபேக்டரியில் அவருக்குக் காலை ஷிஃப்ட். இலை உலர்த்தும் டிரையர் பக்கம் வேலை. மதியமே வீட்டுக்கு வந்து குளித்து, உப்புமா கிண்டி வைத்துவிட்டு ஸ்டாப்புக்கு வந்துவிடுவார். பஸ் ஒன்று தவறினால் கடைக்குப் போன் வரும். "உங்கப்பா லைன்ல இருக்காருங்க" என்று பாலன் எல்லார் முன்னாலும் கத்துவார். அவளுக்கு அவமானத்தில் காது சூடாகும். திட்டவும் முடியாது. நனையாமல் இருக்கட்டும் என்று குடை பிடிக்கிற மனிதரை எப்படித் திட்டுவது?

இப்படிப்பட்டவளுக்கு ஒரு புத்தகம்தான் ஊரைவிட்டு ஓடும் வழியாக இருந்தது. 'விளக்குத் தீவு' என்ற ஜப்பான் மாங்கா. மாங்கா என்றால் படக்கதைதான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது கோயம்புத்தூர் புத்தகக் கண்காட்சியில் யாரோ படித்துக் கழித்த ஆங்கிலப் பிரதியாக அது அவளுக்குக் கிடைத்தது. ஒரே தடித்த புத்தகம். அதில் ஒரு தீவு. தீவில் ஒரு கலங்கரை விளக்கம். அதைக் காக்கும் அப்பா, அவருடைய மகள் நாகி. அப்பாவின் தோள்மீது உட்கார்ந்து கடல் பார்க்கிற குழந்தையாக அவள் வருவாள். வளர்வாள். படகு ஓட்டக் கற்பாள். ஒருநாள் போகிறேன் என்பாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். கடைசியில் நாகி படகில் ஏறிப் போவாள், ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். கடைசிப் பக்கத்தில் சமையலறை மேஜை, எப்போதும் இரண்டு கப் இருந்த இடத்தில் ஒரே ஒரு கப், அதன் முன்னால் அப்பா. அவ்வளவுதான் கதை. கலைமதி அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் தைரியமும் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்த மாங்காவை நிஜ மனிதர்களை நடிக்க வைத்து டிவி தொடராக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. நல்ல கதையைக் கையில் கொடுத்தால் எடுக்கிறவர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பாட்டு, ஒரு காதல், ஒரு வில்லன் சேர்க்காமல் தூக்கம் வராது அவர்களுக்கு. ஆனால் தொடர் வந்தபோது அவள் நினைத்தது நடக்கவில்லை. புத்தகத்தை அப்படியே எடுத்திருந்தார்கள். நீலக் கதவு அதே நீலம். நாகியின் கப்பில் விளிம்பு உடைந்த இடம்கூட அதே பக்கம். கலைமதி இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி, மாங்காவின் கட்டத்தையும் தொடரின் காட்சியையும் அக்கம்பக்கமாக வைத்துப் போட்டாள். மதுரை, சேலம் என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். அவள் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்கிற அளவுக்கு அங்கே அவள் வார்த்தைக்கு மதிப்பு. வீட்டில்தான் அவளுக்கு வாய் கிடையாது.

ஞாயிறுதோறும் மதியம் புது எபிசோட் வரும், தமிழ் டப்பிங்கோடு. "புயல் வருகிறது மகளே, படகை இழுத்துக் கட்டு" என்று அந்த ஜப்பான் அப்பா மேடை நாடகம் மாதிரி பேசுவார். கலைமதி தலையில் அடித்துக்கொள்வாள். ஞானசேகரனோ முதல் வாரம் கண்ணாடி துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாகியை 'நாகு' என்பார். "நாகு புள்ளைக்குச் சளி புடிக்கப் போவுது, ஒரு ஸ்வெட்டர் போட்டாத்தான் என்ன" என்று கவலைப்படுவார். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒன்றைப் பார்த்துச் சிரித்தது அம்மா போன பிறகு இதுதான் முதல் தடவை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதே பயமாகவும் இருந்தது.

ஏனென்றால் சென்னையிலிருந்து வேலை வந்திருந்தது. கார்ட்டூன் படங்கள் எடுக்கிற ஒரு ஸ்டுடியோ. காட்சிகளுக்குப் பின்னணி வரைய வேண்டும். மலை, வீடு, கடல், வானம், என்ன வேண்டுமானாலும். அருவி ஒட்டுகிற வேலை இல்லை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் வருகிறேன் வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். அந்த ஞாயிறுதான் தொடரின் கடைசி எபிசோட்.

கலைமதி ஒரு கோழைத்தனமான திட்டம் போட்டாள். தன் வாயால் சொல்ல வராததை நாகி சொல்லட்டும். இத்தனை வாரம் புத்தகத்திலிருந்து இம்மி பிசகாமல் எடுத்தவர்கள் முடிவையும் அப்படியேதான் எடுப்பார்கள். நாகி போவாள். அந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் வழிவிடுவார். தன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். மனசு இளகியிருக்கிற அந்த நேரத்தில், "அப்பா, எனக்கும் ஒரு படகு வந்திருக்குங்க" என்று சொல்லிவிடுவது. குளியலறையில் பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டு இந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் வேறு வசனம் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலையிலிருந்தே மழை. முன் ஜன்னலில் தேயிலையும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. ஞானசேகரன் சாப்பிட்ட கையோடு பாயில் உட்கார்ந்தார். தொடர் ஓடியது. நாகி பெட்டி கட்டினாள். "சென்று வருகிறேன் தந்தையே" என்றாள். படகு நகர்ந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து நின்றாள், திரும்பவில்லை. பின்னால் தீவு சின்னதாகிக்கொண்டே போனது. அப்படியே புத்தகம். பிறகு சமையலறை. மேஜை. ஒரு கப். கலைமதி அப்பா பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமினாள். "அப்பா..." என்றாள்.

திரையில் 'ஓராண்டுக்குப் பின்' என்று எழுத்து வந்தது.

கலைமதி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரையில் படகு வந்தது. பெட்டியோடு நாகி இறங்கினாள். மேட்டில் ஓடினாள். நீலக் கதவு திறந்தது. அப்பா அலமாரியிலிருந்து விளிம்பு உடைந்த கப்பை எடுத்து மேஜையில் வைத்தார். வயலின் அழுதது. முற்றும்.

"வந்துட்டா பாத்தியா!" ஞானசேகரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வருவான்னு எனக்குத் தெரியும் அம்முணி."

"கொன்னுட்டாங்க!" கலைமதி கத்திய கத்தலில் அவர் திடுக்கிட்டார். "கதையவே கொன்னுட்டாங்கப்பா! இத்தன வாரம் ஒழுங்கா எடுத்துப்போட்டுக் கடைசியில வந்து கழுத்தறுத்துட்டாங்க!"

"ஏஞ்சாமி, நல்லாத்தான எடுத்திருக்கறான்? புத்தகத்துல இருக்கறதத்தான எடுத்தான்."

"நீங்க புத்தகத்தக் கண்டீங்களா?"

"படிச்சனே."

கலைமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். எழுந்துபோய் அவளுடைய அறையிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். ஈரக்கையால் தொடாமல், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுத்தார்.

"மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா, நீ வர்ற வரைக்கும் நானு ஊட்டுல சும்மாதான இருக்கறேன். எம்புள்ள இத்தன வருசமா இதையே வெச்சுக்கிட்டு இருக்கறாளே, அப்பிடி என்னதான் இருக்குதுன்னு எடுத்துப் பாத்தேன். இங்கிலீசு எனக்கு எங்க புரியுது? படம் பாத்தே கதை வெளங்கிருச்சு. நீயே பாரு."

பாயில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, தமிழ்ப் புத்தகம் எப்படித் திறப்போமோ அப்படித் திறந்தார்.

"இதா, மொதப் பக்கத்துலயே பாவம், மனுசன் ஒத்தக் கப்ப வெச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருக்கறான். யாரும் இல்ல அவனுக்கு. அடுத்தாப்பல பாரு, நாகு படகுல வர்றா. வர்றவ ஊரப் பாத்து நிக்கோணுமா இல்லியா? முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறா. வீம்பு! உன்னாட்டமே வீம்புக்காரி. அப்பறம் எறங்கி ஊட்டுக்கு வர்றா. ரெண்டு பேருக்கும் கொஞ்சம் மனத்தாங்கல், பேசிக்கறதில்ல. அப்பறம் சரியாப் போயிருது. இங்க ரெண்டு கப்பு வந்திருச்சு பாரு."

கலைமதி புத்தகத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அது ஜப்பான்காரர்கள் படிக்கிற முறையில் அச்சடித்த புத்தகம். வலது கைப் பக்கம் தொடங்கி இடது பக்கம் போக வேண்டும். நமக்குக் கடைசி அட்டையாகத் தெரிவதுதான் அதற்கு முதல் அட்டை. அப்பா கதையைப் பின்னாலிருந்து முன்னால் படித்திருக்கிறார்.

"நீங்க தொறந்த பக்கத்துல ஸ்டாப்புன்னு பெருசாப் போட்டிருக்குமே, பாக்கலைங்களா?" என்றாள் மெதுவாக. தப்பான பக்கம் திறக்கிறவர்களுக்காகவே அங்கே ஒரு எச்சரிக்கை அச்சடித்திருந்தது.

"பாத்தேன். எங்க பாத்தாலும் அப்பிடித்தான் போர்டு வெக்கறாங்க. யாரு நிக்கறா?" அவர் பக்கத்தைத் தள்ளினார். "இனிமேத்தான் முக்கியமான எடமே. நாளாக நாளாக நாகு சின்னப் புள்ள ஆயிட்டே வர்றா. இதா பாவாடை. இதா பல்லு விழுந்த வாயி. கடைசியில பாரு, அப்பன் தோளு மேல ஏறி உக்காந்துக்கிட்டா. எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. இதென்னடா, வளர்ற புள்ள தேஞ்சுக்கிட்டே வருதேன்னு. அப்பறம் ரோசனை பண்ணிப் பாத்தேன். ஊட்டுக்கு வந்துட்டா எத்தன வயசானாலும் புள்ள புள்ளதான், அதத்தான் சொல்றான். கெட்டிக்காரன் அந்த ஜப்பான்காரன். டிவில அவ வளந்து போறத முன்னால சேத்துக்கிட்டான், இந்த அளவுக்கு எடுக்க முடியல, வந்ததோட நிறுத்திக்கிட்டான். அதுக்குப் போயி நீ திட்டறயே."

கலைமதிக்கு முதலில் சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டது. தேய்ந்துகொண்டே வருகிற பிள்ளை. காலேஜ் போயிற்று, திருப்பூர் போயிற்று, குடைக்குள் நடந்து, கடைக்குப் போன் வந்து, இனிமேல் தோளில் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி. எத்தனை வருஷமாகத் தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே சொல்லத் தெரியாததை, ஒன்றும் தெரியாமல், சந்தோஷமாகப் படம் காட்டிச் சொல்லிவிட்டார்.

விட்டுவிடலாம். அவர் படித்ததே சரி என்று விட்டுவிட்டால் அவர் சந்தோஷமாக இருப்பார். உப்புமா இருக்கும், குடை இருக்கும், ஞாயிறு மதியம் வேறு ஏதாவது தொடர் இருக்கும். டிவிக்காரர்கள் செய்தது அதுதானே. பார்க்கிறவர்கள் அழக் கூடாது என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். அவர்களை இப்போதுதான் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள்.

"அப்பா," என்றாள். "இந்தப் புத்தகத்த அந்தப் பக்கமிருந்து படிக்கோணுங்க."

"எந்தப் பக்கம்?"

அவள் புத்தகத்தை வாங்கித் திருப்பி மடியில் வைத்தாள். "அவங்க ஊர்ல இப்பிடித்தாங்க. இதுதான் மொதப் பக்கம்."

தோளில் குழந்தை. ஞானசேகரன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். நாகிக்குப் பல் முளைத்தது. பாவாடை குட்டையானது. படகு ஓட்டினாள். மனத்தாங்கல் வந்தது. பெட்டி கட்டினாள். படகில் முதுகைக் காட்டி நின்றாள். அதில் வீம்பு எதுவும் இப்போது தெரியவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்து, ஒற்றைக் கப்பை அவர் வெகுநேரம் பார்த்தார். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார். "டீ வெக்கறேன்" என்று சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். குளியலறையில் சொல்லிப் பார்த்த வசனம் மறந்துபோயிருந்தது.

"எனக்கு மெட்ராஸ்ல வேலை கெடச்சிருக்குங்கப்பா. படம் வரையற வேலை. நான் போறேங்க. பாக்கலாம்னு சொல்லிராதீங்க. நான் போறேன்."

உள்ளே அடுப்பை அணைக்கிற சத்தம். அவர் இரண்டு டம்ளரோடு வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றார். ஃபேக்டரியில் வாழ்நாளெல்லாம் தேயிலைத் தூளோடு இருந்தவர், அன்று டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார். அவள் அதைச் சொல்லாமல் குடித்தாள்.

"அந்தப் புள்ள," என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடி. "படகுல ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கறதில்லியா?"

"இல்லைங்கப்பா."

"ஏனாம்?"

"அப்பாவப் பாத்துட்டா அப்பறம் அவளால போக முடியாதுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பன்னா நீ போறன்னிக்கு நான் பஸ் ஸ்டாப்புக்கு வரமாட்டேன் அம்முணி. நான் நின்னா நீ பாப்ப."

ஸ்டாப்பில் நிற்காதீர்கள் என்று எத்தனையோ வருஷமாக அவள் சொல்ல நினைத்து மென்று விழுங்கிய வார்த்தை. அதை அவரே எடுத்துச் சொன்னதும் அவளுக்கு அழுகை தாங்கவில்லை. அழுதுகொண்டே போனை எடுத்து, வருகிறேன் என்று பதில் அனுப்பினாள்.

புறப்படுகிற அன்று அவர் பெட்டியை வாசல்வரை தூக்கி வந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுக் கணேசன் அதைத் தலையில் வைத்து ஸ்டாப்புக்கு நடந்தார். "சாப்பிட்டுப் போன் பண்ணு" என்றார் அப்பா. சொன்ன சொல் மாறாமல் வீட்டுக்குள் போய்விட்டார். ஸ்டாப்பில் அவர் வழக்கமாக நிற்கும் இடத்தைக் கலைமதி பார்த்தாள், யாரும் இல்லை. மேட்டுப்பாளையம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நேரே பார்ப்பது, நாகி மாதிரி. புத்தகத்தில் உள்ளபடி.

வீட்டுக்குக் கீழே வளைவில் பஸ் கியர் மாற்றியது. தன் அறையிலிருந்து இத்தனை நாள் கேட்ட அதே சத்தம், இப்போது காலடியில் கேட்டது. அவளால் முடியவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டாள்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. அதற்குக் கீழே, வளைவை ஒட்டிய தேயிலை மேட்டில் ஞானசேகரன் நின்றார். அவள் தன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி, மழையில்லாத வெயிலில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பஸ் போகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பக்கம் அந்த ஜப்பான்காரர் வரையவில்லை. தொடர் எடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை. கலைமதி கழுத்து வலிக்க, வளைவு மறைக்கும்வரை பார்த்துக்கொண்டே போனாள்.